யூனிட் எவ்வளவுன்னு பார்த்தீங்களா?

(மின் சிக்கன வாரத்தையொட்டி, கல்லூரி மாணவர்களும் மகளிர் சுயஉதவிக் குழுவினரும் கலந்துகொண்ட கூட்டத்தில் பேசியதன் எழுத்து வடிவம்.)

 

பேசும்போது செல்போனை உள்ளே வைங்கன்னு சொல்றதுதான் வழக்கம். நான் வெளியே எடுக்கச் சொல்றேன். உங்க வீட்டுக்குக் கடைசியா எப்போ கரண்ட் பில் வந்ததுன்னு மெசேஜ்ல தேடிப் பாருங்க. கிடைச்சவங்க கையைத் தூக்குங்க. பரவாயில்லை, நிறைய பேர் இருக்கீங்க. இப்போ ஒரு கேள்வி. எவ்வளவு ரூபாய் கட்டினீங்கன்னு கேட்டா எல்லாரும் சொல்லிடுவீங்க. எத்தனை யூனிட் ஓடியிருக்கு?

பாருங்க, பாதிக் கை கீழே இறங்கிடுச்சு.

எங்க வீட்டுல முன்னாடி சுவிட்ச் போர்டுக்குப் பின்னாடி ஒரு அட்டை சொருகி வச்சிருப்பாங்க. இரண்டு மாசத்துக்கு ஒரு தடவை ரீடிங் எடுக்க வர்றவர் அதுல எழுதிட்டுப் போவார். ஆச்சி கண்ணாடியைத் தேடி எடுத்துப் போட்டுக்கிட்டு, போன தடவை எவ்வளவு, இந்தத் தடவை எவ்வளவுன்னு கழிச்சுப் பார்ப்பாங்க. அதிகமா இருந்தா அன்னைக்கு ராத்திரி வீட்டுல ஒரு விசாரணைக் கமிஷன் நடக்கும். யாரு டி.வி.யைப் போட்டுட்டுத் தூங்கினது, யாரு மொட்டைமாடி லைட்டை அணைக்கலைன்னு. இன்னைக்கு மெசேஜ் வருது, பத்து செகண்ட்ல பணம் கட்டிடறோம். வசதிதான். வரிசையில நின்னு கட்டின காலம் திரும்ப வேண்டாம். ஆனா அந்தப் பத்து செகண்ட்ல யூனிட்டைப் பார்க்கிற பழக்கம் போயிடுச்சு.

இதை ஏன் சொல்றேன்னா, மின்சாரத்தைச் சேமிக்கிறதும் சரி, சூரியசக்திக்கு மாறுறதும் சரி, இரண்டும் ஒரு பில்லை ஒழுங்காகப் படிக்கிறதில் இருந்துதான் ஆரம்பிக்குது. வீட்டுக்கும் அப்படித்தான், ஊருக்கும் அப்படித்தான். ஒரு ஊராட்சி தன் பில்லைப் படித்துப் பார்த்து எங்கே போய் நின்றது என்கிற கதையை முதலில் சொல்லிவிடுகிறேன்.

கோயம்புத்தூர் மாவட்டம் மேட்டுப்பாளையம் பக்கத்தில் ஓடந்துறை ஊராட்சி. நீலகிரி மலையடிவாரம். ஊட்டிக்குப் போகிற நிறைய பேர் அந்த வட்டாரத்தைத் தாண்டித்தான் போயிருப்பீங்க. 1996-இல் ஆர். சண்முகம் அவர்கள் அங்கே ஊராட்சித் தலைவராகத் தேர்ந்தெடுக்கப்பட்டார். குடிநீர் வசதி, தெருவிளக்கு, வீடு என்று வேலைகள் நடந்தன. தண்ணீர் வந்தது, ஊருக்கு மகிழ்ச்சி. கூடவே இன்னொன்றும் வந்தது. கரண்ட் பில்.

இது எல்லா ஊருக்கும் பொருந்தும். ஒரு ஊராட்சி மின்சாரத்தை எதற்குச் செலவு செய்கிறது? பெரும்பகுதி இரண்டே விஷயத்துக்குத்தான். ஒன்று, தண்ணீரை மேல்நிலைத் தொட்டிக்கு ஏற்றும் மோட்டார். இன்னொன்று தெருவிளக்கு. ஊர் வளர வளர இரண்டும் ஏறும். புதுசா ஒரு தெரு போட்டால் பத்துக் கம்பம், புதுசா ஒரு தொட்டி கட்டினால் ஒரு மோட்டார். ஊராட்சிக்கு வரும் வரி வருமானமோ அந்த வேகத்தில் ஏறாது.

ஓடந்துறையில் முதலில் சின்னச் சின்ன வழிகளைப் பார்த்தார்கள். சில பகுதிகளில் சோலார் தெருவிளக்கு போட்டார்கள். 2003-இல் மரக்கழிவை வாயுவாக மாற்றி, அதிலிருந்து மின்சாரம் எடுக்கும் 9 கிலோவாட் கருவி ஒன்றை நிறுவினார்கள். குடிநீர் ஏற்றும் மோட்டாருக்கு அந்த மின்சாரம். 9 கிலோவாட் என்பது பெரிய விஷயமே இல்லை, இன்றைக்கு மூன்று வீட்டு மொட்டைமாடியில் அதை வைத்துவிடலாம். ஆனால் நம்ம மின்சாரத்தை நாமே எடுக்க முடியும், அதன் செலவைக் கணக்குப் போட முடியும் என்கிற பழக்கம் அந்தக் கருவியால் வந்தது என்றுதான் நான் நினைக்கிறேன்.

அடுத்து யோசித்தது காற்றாலை. ஓடந்துறையில் காற்றாலைக்கு ஏற்ற காற்று இல்லை. காற்றாலைக்குப் பெயர் போன இடம் உடுமலைப்பேட்டை, பல்லடம் பக்கம். ஏன் அங்கே? மேற்குத் தொடர்ச்சி மலை நீளமாக ஒரு சுவர் மாதிரி நிற்கிறது. பாலக்காட்டில் மட்டும் அந்தச் சுவரில் ஒரு பெரிய இடைவெளி. தென்மேற்குப் பருவக்காற்று அந்த வாசல் வழியாகத்தான் பிய்த்துக்கொண்டு வருகிறது. எங்க ஊர் தென்காசி பக்கம், அங்கேயும் செங்கோட்டைக் கணவாய்க் காற்று உண்டு. சின்ன வயசில் அந்தக் காற்றாலைகளைப் பார்த்து, அது சுத்துறதாலதான் எங்க ஊருக்குக் காத்து வருதுன்னு ரொம்ப நாள் நம்பிக்கிட்டிருந்தேன். ஆடிக் காற்றில் அம்மி பறக்குதோ இல்லையோ, காற்றாலை சுத்தும்.

சரி, காற்று உடுமலையில், ஊர் மேட்டுப்பாளையத்தில். என்ன செய்வது? இதற்கு விடை ஏற்கெனவே அக்கம்பக்கத்தில் இருந்தது. கோவை, திருப்பூர் பஞ்சாலைக்காரர்கள் பல வருடமாக அதைச் செய்துகொண்டிருந்தார்கள். காற்று அடிக்கும் இடத்தில் காற்றாலை, வேறு ஊரில் மில். அங்கே உற்பத்தியாகும் மின்சாரம் மின்வாரியத்தின் கம்பியில் சேர்ந்துவிடும். இங்கே மில் ஓடும்போது மின்சாரத்தை எடுத்துக்கொள்ளும். போட்டது எவ்வளவு, எடுத்தது எவ்வளவு என்று மீட்டர் கணக்கு வைக்கும். உடுமலைக் கிளையில் பணம் போட்டு மேட்டுப்பாளையம் கிளையில் எடுக்கிற மாதிரி. மில்லுக்குச் சரிப்படுகிற கணக்கு ஊராட்சிக்கு ஏன் சரிப்படாது?

2006-இல் உடுமலைப்பேட்டை அருகே மைவாடியில் 350 கிலோவாட் காற்றாலையை ஓடந்துறை ஊராட்சி சொந்தமாக வாங்கியது. விலை 1.55 கோடி ரூபாய். அதில் 40 லட்சம் ஊராட்சியின் சொந்தச் சேமிப்பு. மீதி 1.15 கோடி வங்கிக் கடன். ஊராட்சி என்ற அமைப்பு போய் வங்கியில் உட்கார்ந்து, எங்களுக்குக் காற்றாலை வாங்கக் கடன் வேண்டும் என்று கேட்ட காட்சியைக் கொஞ்சம் மனசில் ஓட்டிப் பாருங்க. வீட்டுக்கடன் கேட்கப் போனாலே நமக்கு எத்தனை கேள்வி!

அந்தக் காற்றாலை ஆண்டுக்கு 6.75 லட்சம் யூனிட் அளவுக்குத் தந்ததாகப் பதிவுகள் சொல்கின்றன. ஊராட்சியின் தேவை சுமார் 4.5 லட்சம் யூனிட். தேவைக்குப் போக மிஞ்சியது மின்வாரியத்துக்கு விற்பனை. பில் கட்டத் திணறிய ஊராட்சிக்கு மின்சாரத்தில் வருமானம். அதன்பிறகு வெளிமாநிலத்தில் இருந்தும் வெளிநாட்டில் இருந்தும் ஆட்கள் வந்து பார்த்துவிட்டுப் போனார்கள்.

நான் இந்தக் கதையை முதலில் படித்தபோது காற்றாலைதான் பெரிசாகத் தெரிந்தது. இந்தப் பேச்சுக்காகத் திரும்பப் படிக்கும்போது அந்த 40 லட்சம்தான் கண்ணில் பட்டது. அது வானத்தில் இருந்து விழவில்லை. ஒரு கிராம ஊராட்சி 40 லட்சம் மிச்சம் பிடித்து வைத்திருக்கிறது என்றால், வரி ஒழுங்காக வசூலாகியிருக்கிறது, செலவை யாரோ உட்கார்ந்து பார்த்திருக்கிறார்கள். அது இல்லாவிட்டால் வங்கிப் படியே ஏறியிருக்க முடியாது.

உடனே, நம்ம ஊரிலும் ஒரு காற்றாலை வாங்கலாமான்னு கேட்காதீங்க. 350 கிலோவாட் காற்றாலையை இப்போது புதிதாக யாரும் தேடி நிறுவுவதில்லை. வருவதெல்லாம் பெரும்பாலும் 2 மெகாவாட்டும் அதற்கு மேலும். விலையும் அதற்கேற்ப. விதிகளும் 2006-இல் இருந்த மாதிரி இல்லை. இன்றைக்கு ஒரு ஊராட்சியோ ஒரு குடும்பமோ கையில் எடுக்கக்கூடியது சூரிய ஒளிதான். அதற்கு முன்னால் வீணாவதை நிறுத்தணும். ஓட்டைக் குடத்தை வச்சுக்கிட்டு புதுக் கிணறு வெட்டக்கூடாது இல்லீங்களா?

வீட்டில் இருந்தே வருவோம். தமிழ்நாட்டில் வீட்டு இணைப்புக்கு இரண்டு மாதத்துக்கு 100 யூனிட் இலவசம், எல்லாருக்கும் தெரியும். அதிகம் பேருக்குத் தெரியாத ஒரு எண் 500. இரண்டு மாதத்தில் மொத்தப் பயன்பாடு 500 யூனிட்டுக்குள் இருந்தால், 101 முதல் 200 வரையான யூனிட்டுக்கு மிகக் குறைந்த விலை. 501 ஆகிவிட்டால் அந்தக் குறைந்த விலைப் படியே மறைந்துவிடும். 101-இல் இருந்தே மேல்படி விலை. அதாவது 500-இல் நின்றவருக்கும் 501-க்குப் போனவருக்கும் வித்தியாசம் ஒரே ஒரு யூனிட், பில்லில் வித்தியாசம் 200 ரூபாய்க்கு மேல்.

எங்க வீட்டில் போன கோடையில் 538 யூனிட். அப்பா வெயில் மேல பழியைப் போட்டார். உட்கார்ந்து கணக்குப் பார்த்தோம். பழைய சீலிங் ஃபேன் 75 வாட் இழுக்கும். ஒரு நாளைக்கு 15 மணி நேரம் ஓடினால் இரண்டு மாதத்துக்கு 67 யூனிட்டுக்கு மேல். ஒரே ஒரு ஃபேன்! பிஎல்டிசி என்று இப்போது வருகிறதே, அந்த ஃபேன் 30 வாட் அளவில் அதே காற்றைத் தருகிறது. அதே 15 மணி நேரத்துக்கு 27 யூனிட். ஒரு ஃபேனுக்கு 40 யூனிட் மிச்சம். வாங்கும்போது ஆயிரம், ஆயிரத்து ஐந்நூறு கூடத்தான் ஆகும். ராத்திரி பகல்னு ஓடுற ஹால் ஃபேன், பெட்ரூம் ஃபேன் இரண்டை மட்டும் மாத்தினோம். அடுத்த பில் 500-க்குள் வந்துடுச்சு. விருந்தாளி வந்தா மட்டும் ஓடுற ஃபேனை மாத்த வேண்டிய அவசியமே இல்லை. வாடகை வீட்டுல இருக்கிறவங்களும் இதைச் செய்யலாம், வீடு மாறும்போது கழட்டி எடுத்துட்டுப் போயிடலாம்.

அடுத்தது தண்ணி மோட்டார். ஒரு ஹெச்பி மோட்டார் ஒரு மணி நேரம் ஓடினால் ஏறக்குறைய ஒரு யூனிட். டேங்க் நிரம்பி, பக்கத்து வீட்டு அக்கா "மோட்டாரை ஆஃப் பண்ணுங்க"ன்னு கத்துற வரைக்கும் தினமும் கால் மணி நேரம் வழியுதுன்னா, இரண்டு மாசத்துக்கு 15 யூனிட், கூடவே அவ்வளவு தண்ணியும் சாக்கடைக்கு. ஏசி இருக்கிறவங்க 24 டிகிரியில வைங்க. ஒரு டிகிரி ஏத்தினா சுமார் 6 சதவீதம் மின்சாரம் குறையும்னு எரிசக்தி சிக்கனப் பணியகம் சொல்லுது. 18-ல வச்சுட்டு கம்பளி போத்திக்கிறவங்க யாருன்னு உங்களுக்கே தெரியும், நான் பேர் சொல்லலை. டி.வி.யை ரிமோட்ல மட்டும் அணைச்சா செட்டாப் பாக்ஸ் தூங்காது, சுவிட்சை அணைங்க.

இதெல்லாம் முடிச்சுட்டு மொட்டைமாடிக்கு வாங்க.

வீடுகளுக்கான மத்திய அரசின் பிரதமர் சூர்ய கர் திட்டம் 2024-இல் தொடங்கியது. மானியம் 1 கிலோவாட்டுக்கு 30 ஆயிரம், 2 கிலோவாட்டுக்கு 60 ஆயிரம், 3 கிலோவாட்டும் அதற்கு மேலும் 78 ஆயிரம் ரூபாய். நம்ம ஊர் வெயிலுக்கு 1 கிலோவாட் ஒரு நாளைக்கு சராசரியா 4 யூனிட் தரும். இரண்டு மாதத்துக்கு 240. இடம் சுமார் 100 சதுர அடி, நிழல் விழாத 100 சதுர அடி. தென்னை மர நிழல், பக்கத்து மாடி டேங்க் நிழல் எல்லாம் காலையில ஒரு தடவை, மூணு மணிக்கு ஒரு தடவை மாடியில ஏறி நின்னு நீங்களே பார்த்துக்கோங்க.

எல்லாரும் போடணுமா? என்னைக் கேட்டால், இரண்டு மாதத்துக்கு 200 யூனிட்டுக்குள் ஓடுகிற வீடு அவசரப்பட வேண்டாம். அவர்கள் கட்டுவதே குறைவு, போட்ட பணம் திரும்ப ரொம்ப வருடம் ஆகும். 500-ஐத் தாண்டி ஓடுகிற வீடு கட்டாயம் கணக்குப் போட்டுப் பார்க்கணும். முதலில் சேமியுங்க என்று சொன்னதற்கும் இதுதான் காரணம். ஃபேனை மாத்தினதுக்கு அப்புறம் 3 கிலோவாட் தேவைப்பட்ட வீட்டுக்கு 2 கிலோவாட்டே போதும்னு ஆகலாம்.

விண்ணப்பம் போனிலேயே முடிஞ்சுடும். தேசிய இணையதளத்தில் உங்க மின் இணைப்பு எண்ணைக் கொடுத்துப் பதிவு செய்யணும். பட்டியலில் இருக்கிற நிறுவனத்தைத் தேர்ந்தெடுக்கணும். வேலை முடிஞ்சு, போகிற மின்சாரத்தையும் வருகிற மின்சாரத்தையும் எண்ணுற மீட்டர் பொருத்தி, அதிகாரிகள் பார்த்த பிறகு மானியம் உங்க வங்கிக் கணக்குக்கு வரும். கவனிங்க, பிறகுதான் வரும். முதலில் முழுப் பணத்துக்கும் நீங்க வழி பண்ணணும். அதற்கு வங்கிக் கடன் இருக்கு. மூணு நிறுவனத்துல விலைப்புள்ளி வாங்குங்க. மானியம் கிடைக்கணும்னா பேனல் இந்தியாவில் தயாரான செல்களைக் கொண்டதா இருக்கணும், அதை விலைப்புள்ளியிலேயே எழுதி வாங்குங்க. வாட்ஸ்அப்ல வர்ற லிங்க்கைத் தட்டி முன்பணம் கட்டாதீங்க. இணையதள முகவரி 'கவ் டாட் இன்' என்று முடியுதான்னு பாருங்க.

நம்ம ஊர்ல நிறைய பேர் மாட்டிக்கிற இடம் ஒண்ணு இருக்கு. இணைப்பு தாத்தா பேர்ல இருக்கும். தாத்தா போட்டோவுல இருப்பார். இணைப்பு யார் பேர்ல இருக்கோ அவர் பேர்லதான் விண்ணப்பம் போகும். அதனால சோலார் போடுறீங்களோ இல்லையோ, பெயர் மாற்றத்தை இந்த மாசமே முடிச்சு வைங்க.

இன்னொன்றையும் ஒளிக்காமல் சொல்லிவிடுகிறேன். பேட்டரி இல்லாத சோலார், கரண்ட் போனால் வேலை செய்யாது. உச்சி வெயில் அடிச்சாலும் நின்றுவிடும். ஏமாத்திட்டாங்கன்னு நினைக்காதீங்க. கம்பத்தில் ஏறி வேலை பார்க்கும் மின் ஊழியர் மேல் உங்க வீட்டு மின்சாரம் பாய்ந்துவிடக் கூடாது, அதற்காகத்தான் அந்த அமைப்பு. பேனலில் தூசி படியும். மாசத்துக்கு ஒரு தடவையாவது காலையில, வெயில் ஏறும் முன்னாடி தண்ணி ஊத்தித் துடைக்கணும். எங்க ஊருக்குப் போகிற வழியில் ஒரு சோலார் தெருவிளக்கு பல வருஷமாக எரியாமல் நிற்கிறது. பேனல் நல்லாத்தான் இருக்கு, பேட்டரி செத்துப்போச்சு. மாத்தணும்னு யாருக்கும் தோணலை. வைக்கும்போது கைதட்டினவங்க நாங்களும்தான்.

அந்த விளக்கில் இருந்துதான் நான் கடைசியாகச் சொல்ல வந்ததற்குப் போகிறேன். உங்க வீட்டு பில்லை நீங்க பார்ப்பீங்க. ஊர் பில்லை யார் பார்ப்பது?

கிராமசபை வருடத்துக்கு ஆறு நாள் கூடுது. ஜனவரி 26, மார்ச் 22, மே 1, ஆகஸ்ட் 15, அக்டோபர் 2, நவம்பர் 1. ஊராட்சியின் வரவு செலவு அங்கே வாசிக்கப்படும். வாசிக்கும்போது எழுந்து, போன வருஷம் குடிநீர் மோட்டாருக்கு எத்தனை யூனிட், தெருவிளக்குக்கு எத்தனை யூனிட் என்று கேளுங்க. சண்டை போட வேண்டாம், மரியாதையா கேளுங்க, அக்காக்கள் சேர்ந்து கேளுங்க. 300 தெருவிளக்கு இருக்கிற ஊரில், 20 வாட் எல்இடி விளக்கு பகலில் இரண்டு மணி நேரம் சும்மா எரிந்தால் ஒரு நாளைக்கு 12 யூனிட், வருடத்துக்கு 4,380 யூனிட். வெளிச்சத்தை உணர்ந்து தானாக அணைக்கிற சாதனம் கடைகளில் கிடைக்கிறது. 7.5 ஹெச்பி மோட்டார் தினமும் ஒரு மணி நேரம் கூடுதலாக ஓடினால் வருடத்துக்கு 2,000 யூனிட்டைத் தாண்டும். குழாயில் கசிகிற தண்ணீரை ஏற்றவும் அந்த மோட்டார்தான் ஓடுகிறது. திரும்பத் திரும்பக் காயில் கட்டின பழைய மோட்டாராக இருந்தால் இன்னும் கூட இழுக்கும்.

இதையெல்லாம் ஏற்கெனவே தெரிந்து வைத்திருக்கிற ஒருத்தர் உங்க ஊரில் இருக்கிறார். தொட்டி ஆபரேட்டர். எந்த மோட்டார் சூடாகுது, எந்தத் தெருக் குழாய் உடைஞ்சிருக்கு, எந்த சுவிட்சைப் போட்டா எந்த விளக்கு எரியும் என்று அவருக்குத் தெரியும். மின் சிக்கனக் கூட்டம் எதிலும் அவரைக் கூப்பிட்டு நான் பார்த்ததில்லை. அடுத்த கிராமசபையில் அவரைப் பேசச் சொல்லுங்க. கணக்கு தெரிந்துவிட்டால், ஊராட்சி அலுவலகக் கூரையில் எத்தனை கிலோவாட் வைக்கலாம் என்பதை நிதானமாகப் பேசலாம்.

மின்சாரம் சம்பந்தமான புகாருக்கு மின்னகம் எண் 94987 94987. இருபத்துநாலு மணி நேரமும் எடுப்பாங்க. போன்ல பதிஞ்சு வச்சுக்கோங்க.

இப்போ கேள்விகளுக்கு வருவோம். முதலில் கை இறக்கினவங்க மின் இணைப்பு எண்ணோட முன்னாடி வாங்க. மின்வாரிய இணையதளத்தில் உங்க பழைய பில் கணக்கு இருக்கும். போன வருஷம் இதே மாசம் எத்தனை யூனிட்டுன்னு இங்கேயே பார்த்துடலாம்.